மூடிய விடுதிகள்

இலங்கையின் இலவசக் கல்வி வரலாற்றில் 1945 ஒரு திருப்புமுனை என்பதை நாம் அறிவோம். கன்னங்கரா அவர்களின் முயற்சி கட்டணம் என்னும் தடையை நீக்கிற்று. ஆனால் கட்டணம் நீங்கியதோடு சமத்துவம் வந்துவிடவில்லை. 1952இல் பேராதனை வளாகம் விடுதியோடும் நூலகத்தோடும் எழுந்தது. 1981இல் மஹாபொல உதவிப்பணம் வந்தது. ஏழை மாணவன் கற்பதற்கு இவையே துணை நின்றன.

2020 மார்ச்சில், கொவிட் பெருந்தொற்றின்போது, பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டன. விடுதிகள் வெறிச்சோடின, விரிவுரைகள் ‘சூம்’ திரைக்கு மாறின. பல்கலைக்கழக இணையத்தளங்களைக் கட்டணமின்றி அணுக வழி செய்யப்பட்டது. நல்ல ஏற்பாடே. ஆயினும் மடிகணினியை யார் கொடுத்தார்?

விடுதியில் ஒரே மேசையில் உண்டவர்கள் வீடு திரும்பியதும் வர்க்கத்தால் பிரிக்கப்பட்டார்கள். ஒருவன் தனியறையில் கணினி முன் அமர்ந்தான். மற்றவன் லயத்துக் காம்பராவில், உடன்பிறந்தாரோடு ஒரே கைத்தொலைபேசியைப் பங்கிட்டு, ‘சிக்னல்’ தேடி மேடேறினான். மாணவியையோ விரிவுரையின் நடுவே அடுப்படி அழைத்தது. இறுதியில் மூவருக்கும் வினாத்தாள் ஒன்றே!

தொற்று இந்த ஏற்றத்தாழ்வைப் படைக்கவில்லை. விடுதியின் கூரை மறைத்திருந்ததை வெளிக்காட்டிற்று. கட்டணமின்மை இலவசக் கல்வியின் பாதியே. கற்பதற்கான இடமும் கருவியும் அதன் மறுபாதி. அதனைக் கேட்டுப் பெறும் கடமை ஆசிரியரும் மாணவருமாகிய நம்முடையது.