முழுக்கவனப் பயிற்சி: பௌத்தம் கூறுவதும் நோயாளிகள் அறிய வேண்டியதும்

நாள்பட்ட வலி, மன அழுத்தம் ஆகியவற்றுக்குச் சிகிச்சை பெறுவோருக்கு ‘மைண்ட்ஃபுல்னெஸ்’ எனப்படும் முழுக்கவனப் பயிற்சி துணைச் சிகிச்சையாகப் பரிந்துரைக்கப்படுவதுண்டு. இதன் வேர் பௌத்த போதனைகளில் உள்ளது.

பொருள் என்ன?

இதனைக் குறிக்கும் பாலி மொழிச் சொல் ‘சதி’. நினைவு என்பது அதன் நேர்ப்பொருள். மனத்தை வெறுமையாக்குவது இதன் நோக்கமன்று. இப்போது நிகழ்வதை மறவாது கவனிப்பதே நோக்கமாகும். சதிபட்டான சுத்தம் கவனத்திற்குரிய நான்கு தளங்களைக் கூறுகிறது:

• உடல்: மூச்சு, நடத்தல், அமர்தல்
• நுகர்ச்சி: இன்பம், துன்பம், இரண்டுமற்ற நிலை
• மனம்: விருப்பு, வெறுப்பு, சிதறல் போன்ற நிலைகள்
• தம்மங்கள்: மனத்தின் தடைகள், விழிப்பிற்கு உதவும் பண்புகள் முதலியன

இரண்டு அம்புகள்

உடல்வலி ஓர் அம்பு என்றும், அதனால் எழும் மனத்துயர் இரண்டாவது அம்பு என்றும் சல்லத்த சுத்தம் விளக்குகிறது. மூட்டுவலி முதல் அம்பு எனில், ‘இனி என்னால் நடக்கவே இயலாது’ என்னும் அச்சம் இரண்டாவது. பராமரிப்பாளருக்கு இரவெல்லாம் விழித்த களைப்பு முதல் அம்பு. ‘நான் சரியாகக் கவனிக்கவில்லை’ என்னும் குற்றவுணர்வு இரண்டாவது. பயிற்சி, இரண்டாவது அம்பின் தாக்கத்தைக் குறைக்க உதவக்கூடும். ஆயினும், வலி வெறும் மனப்பிரமை என்பது இதன் பொருளன்று. ‘எல்லாம் உன் மனத்தில்தான் இருக்கிறது’ என்று நோயாளியிடம் கூறுவதைத் தவிர்க்கவும்.

மருத்துவத்தில் இதன் இடம்

1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபாட்-ஜின் இதனைச் சமயச் சடங்குகளின்றி நோயாளிகளுக்குக் கற்பிக்கத் தொடங்கினார். இது 8 வாரப் பயிற்சியாக வடிவம் பெற்றது. பின்னர், மனச்சோர்வு மீண்டும் வருவதைத் தடுப்பதற்கான சிகிச்சை முறையும் இதிலிருந்து உருவானது. எச்சமயத்தவரும் பயிலலாம்.

தொடங்குவது எப்படி?

1. வசதியாக அமரவும், இயலாதோர் படுத்திருக்கலாம்.
2. மூச்சு உள்ளே செல்வதையும் வெளியேறுவதையும் கவனிக்கவும். மூச்சை அடக்க வேண்டாம்.
3. மனம் அலைந்தால் கடிந்துகொள்ளாமல் மூச்சுக்குத் திரும்பவும்.
4. நாள்தோறும் 5 நிமிடங்கள் போதும்.

கவனத்திற்கு

• மருத்துவரைக் கேளாமல் மருந்துகளை நிறுத்தவோ குறைக்கவோ கூடாது.
• மனச்சிதைவு நோய், கடும் அதிர்ச்சியின் பாதிப்பு உள்ளோர் மருத்துவரின் ஆலோசனை பெற்ற பின்னரே பயில வேண்டும்.
• பயிற்சியின்போது பதற்றமோ கசப்பான நினைவுகளோ மிகுந்தால் உடனே நிறுத்தி, மருத்துவரிடம் தெரிவிக்கவும்.
• வாழ்வதில் பயனில்லை என்ற எண்ணம் எழுந்தால் தாமதியாது உதவி நாடவும். டெலி மானஸ் உதவி எண் 14416, 24 மணி நேரமும் கட்டணமின்றிச் செயல்படுகிறது.