சொந்தக் காலில் நின்ற குடும்பமா? லாரா இங்கல்ஸ் வைல்டரின் வாழ்வும் அவர் எழுதிய வாழ்வும்

1957 பிப்ரவரி 10 அன்று, அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்து மேன்ஸ்ஃபீல்டு ஊரில், தம் ராக்கி ரிட்ஜ் பண்ணைவீட்டில் லாரா இங்கல்ஸ் வைல்டர் காலமானார். தொண்ணூறு வயது நிறைந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. அக்காள் மேரி 1928இலும், தங்கையர் கிரேஸ் 1941இலும் கேரி 1946இலும், கணவர் அல்மான்சோ 1949இலும் முன்னரே மறைந்துவிட்டனர். கூண்டுவண்டியில் புல்வெளி தேடிப்போன இங்கல்ஸ் வீட்டுப் பிள்ளைகளில் கடைசியாக எஞ்சியவர் அவரே. அவர் சொன்னதை மறுத்தோ திருத்தியோ சொல்ல அந்த வீட்டில் வேறொருவர் இல்லை.

லாராவின் முதல் நூல் 1932இல் வந்தபோது அவருக்கு வயது 65. அந்நூலும் தொடர்ந்து வந்த 'லிட்டில் ஹவுஸ்' வரிசையும், எவர் தயவையும் நாடாமல் உழைப்பாலேயே தலைநிமிர்ந்த ஒரு குடும்பத்தை உலகுக்குக் காட்டின. அச்சித்திரம் 1870களின் புல்வெளியில் பிறந்ததன்று. 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தில், ஒரு மூதாட்டியும் அவருடைய மகளும் சேர்ந்து சமைத்தது என்பதே என் வாதம். லாராவின் சொந்த வாழ்க்கையே இதற்குச் சான்று.

மினசோட்டாவில் இங்கல்ஸ் குடும்பத்தின் கோதுமையை வெட்டுக்கிளிகள் தின்று தீர்த்தன. நாவலில் தந்தை சார்ல்ஸ் கூலி தேடிக் கிழக்கே நடந்து போகிறார், அது உண்மையே. நாவல் சொல்லாத இன்னொன்றும் நடந்தது. 1875இல், தம்மிடம் வேறு வகையே இல்லை என்று எழுதிக் கையொப்பமிட்டு, மாநில அரசின் நிவாரணமாக இரண்டு அரைப் பீப்பாய் மாவை அவர் வாங்கினார். பசித்த பிள்ளைகளுக்காகத் தகப்பன் இட்ட அந்தக் கையொப்பத்தில் இழிவு ஏதும் இல்லை. ஆயினும் கதையில் அதற்கு இடம் கிடைக்கவில்லை.

அடுத்த இரண்டாண்டுகளுக்கும் அதே கதிதான். ஒன்பது மாதக் கைக்குழந்தையாயிருந்த தம்பி 1876இல் இறந்தான். அயோவாவின் பர் ஓக் ஊரில் குடும்பம் ஒரு ஹோட்டலில் வேலை பார்த்தது. சிறுமிகள் பாத்திரம் கழுவினர். கடைசியில் வாடகைக் கடனை அடைக்க வழியின்றி இரவோடிரவாக ஊரைவிட்டு வெளியேறினர். 1930 வாக்கில் பெரியவர்களுக்காக லாரா எழுதிய 'பயனியர் கேர்ள்' தன்வரலாற்றில் பர் ஓக் உண்டு. சிறுவர் நூல்களில் அந்த ஊரே இல்லை. 'பயனியர் கேர்ள்' கையெழுத்துப் படி 2014இல்தான் முழுப் பதிப்பாக வந்தது.

பார்வை இழந்த மேரி அயோவாவின் விண்டன் ஊரிலிருந்த பார்வையற்றோர் கல்லூரியில் படித்தார். பதினாறு வயதிலேயே ஆசிரியையான லாராவின் சம்பளம் வீட்டைத் தாங்கியது மெய். ஆனால் மேரியின் கல்விக் கட்டணத்தைச் செலுத்தியது டகோட்டா ஆட்சிப்பகுதியின் கருவூலம். குடியேறிகள் நாடிய 160 ஏக்கர் நிலம்கூட 1862ஆம் ஆண்டு ஹோம்ஸ்டெட் சட்டத்தின்படி அரசு வழங்கியதுதானே!

இவை சிறுவர் புனைகதைகள். இவற்றில் வரலாற்றைத் தேடலாமா என்று கேட்பார் உண்டு. நியாயமான கேள்வி. ஆனால் 1937இல் டெட்ராய்ட் நகரில் பேசியபோது லாராவே தம் கதைகள் உண்மையானவை என்றார். முழு உண்மையும் அவற்றில் இல்லை என்பதையும் சேர்த்தே சொன்னார். அந்த மிச்சத்தைத் தேடும் கடமை ஆய்வாளருக்கு உண்டு.

விடுபட்டவற்றில் மிகக் கனமானது நிலம். 1869இல் சார்ல்ஸ் குடிசை கட்டிய கேன்சஸ் மண் ஓசேஜ் மக்களுடையது. அங்கே குடியேற அவருக்குச் சட்டப்படி உரிமை இல்லை. 1870ஆம் ஆண்டுச் சட்டம் அம்மக்களை அங்கிருந்து அகற்ற வழிசெய்தது. அங்கே மனிதரே இல்லை என்று பொருள்படும் ஒரு வரி, கேன்சஸ் வாழ்வைச் சொல்லும் 1935 நூலில் இருந்தது. வாசகர் ஒருவரின் முறையீட்டுக்குப்பின், லாராவின் இசைவுடன் 1953 பதிப்பில் அது மாறியது. முதிர்ந்த வயதில் திருத்தத்துக்கு அவர் இணங்கியதை மதிக்கிறேன். ஆயினும் ஒரு வரியைத் திருத்தியதால் நூலின் பார்வை திருந்திவிடவில்லை. அவர் பெயரிலிருந்த சிறுவர் இலக்கிய விருதை 2018இல் பெயர் மாற்றியது சரியான முடிவு என்றே கருதுகிறேன்.

மகள் ரோஸ் வைல்டர் லேனின் பங்கு சிறிதன்று. தேர்ந்த பத்திரிகை எழுத்தாளரான அவர் தாயின் படிகளைச் செப்பனிட்டார். பெருமந்தக் கால அதிபர் ரூஸ்வெல்ட்டின் நிவாரணத் திட்டங்களைக் கடுமையாக எதிர்த்தார். தாயும் அவற்றை வெறுத்தார். அதே தாய், முன்னர் ஏறத்தாழ பத்தாண்டுகள் கூட்டரசுப் பண்ணைக் கடனை உள்ளூர் உழவர்க்குப் பெற்றுத்தரும் சங்கத்தின் செயலர்-பொருளாளராக இருந்தவர். ஊராரின் கடன் விண்ணப்பங்களைப் பார்த்துப் பழகிய கை அது. அரசுப் பணம் உழவனைக் கெடுக்காது என்பதை அவரைவிட நன்கு அறிந்தவர் யார்?

புல்வெளிப் பெண்களின் உழைப்பையும் தாங்குதிறனையும் லாராவைப்போல் எழுதியவர் அரிது. அந்த உழைப்பைத் தாங்கிய பொதுப்பணத்தையும், அதற்கு இடம்கொடுக்க வெளியேற்றப்பட்ட மக்களையும் சேர்த்துப் படிப்பதால் அவர் பெருமை குன்றாது.

கதைகளில் பொதுப்பணத்தை விட்டுவிட்ட லாரா, உயிலில் தம் நூல்களின் உரிமையை ரோஸின் ஆயுட்காலம் வரை ரோஸுக்கும், பின்னர் மேன்ஸ்ஃபீல்டு பொது நூலகத்துக்கும் எழுதிவைத்தார். 1968இல் ரோஸ் இறந்தபின் உரிமை அவருடைய வாரிசு ரோஜர் மக்பிரைடிடம் போயிற்று. நூலகம் வழக்குத் தொடுத்து, சமரசத் தொகை பெற்றது 2001இல்தான்.