மம்சாபுரம்

மம்சாபுரம், விருதுநகர் மாவட்டம் ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டத்திலுள்ள பேரூராட்சி. ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் இடையே, மேற்குத் தொடர்ச்சி மலையின் கீழைச் சரிவை அடுத்து அமைந்த வேளாண் ஊர்.

நிலமும் நீரும்: மலையோரம் செம்மண், கிழக்கே செல்லச் செல்லக் கரிசல். தென்மேற்குப் பருவமழையில் பெரும்பகுதியை மலை மறித்துவிடுவதால் ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பியே சாகுபடி நடக்கிறது. மலை ஓடைகள் கண்மாய்களை நிரப்பிவிட்டு வைப்பாற்றுப் படுகையில் சேர்கின்றன. நெல், தென்னை, பருத்தி, மா முக்கிய விளைபொருள்கள். இவ்வட்டாரத்துச் சப்பட்டை, பஞ்சவர்ணம் மாம்பழங்கள் பெயர்பெற்றவை.

தொன்மை: இப்பகுதி மல்லி நாட்டைச் சேர்ந்தது. வில்லி, கண்டன் என்னும் வேடர் சகோதரர்களில் கண்டனைப் புலி கொல்ல, வில்லி காடு திருத்தி ஊர் அமைத்தான் என்பது ஸ்ரீவில்லிபுத்தூர்த் தலபுராணம். அவ்வூரில் வாழ்ந்த பெரியாழ்வாரின் காலத்தை ஆய்வாளர் பலர் கி.பி. 8 அல்லது 9-ஆம் நூற்றாண்டு என்பர். வைணவ மரபு அதை மிகவும் முன்னே வைக்கும். நாயக்கர் காலத்தில் அருகே சேத்தூர், கொல்லங்கொண்டான் பாளையங்கள் விளங்கின.

கும்பினி ஆட்சியும் கண்மாய்களும்: 1801-இல் கர்நாடக நவாபிடமிருந்து இப்பகுதி அடங்கிய திருநெல்வேலிச் சீமை கிழக்கிந்தியக் கும்பினியின் நேரடி ஆட்சிக்கு வந்தது. அதன்பின் வருவாய்த் துறையின் கவனம் கண்மாய்களின்மேல் விழுந்தது. நன்செய்த் தீர்வை தண்ணீரைப் பொறுத்தது. மேல்கண்மாய் நிறைந்தால் மறுகால் பாய்ந்து கீழ்க்கண்மாய்க்குத் தண்ணீர் போகும். மடை வழியாக வயலுக்கு இறங்கும். ஒரு கரை உடைந்தால் அடுத்தடுத்த ஊர்களும் அல்லற்படும். கரை உடையும் ஆபத்தில் குடிகளை வேலைக்கு அழைக்கவும், வழக்கமான மராமத்துக்கு வராதவரிடம் உழைப்பின் மதிப்பில் இரு மடங்கு வசூலிக்கவும் 1858-ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்தது. குடிகளே கண்மாய்களைச் செப்பனிடும் இக்குடிமராமத்து ஊரார் தாமாகப் பேணிய வழக்கமா, அரசு சுமத்திய கடமையா என்பதில் அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை.

1910-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டம் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து புதிய இராமநாதபுரம் மாவட்டத்தில் சேர்ந்தது. 1927-இல் விருதுநகர்–தென்காசி இருப்புப்பாதை திறக்கப்பட்டது. 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையத்தில் பஞ்சாலை நிறுவினார்.

பிற்காலம்: 1985-இல் இன்றைய விருதுநகர் மாவட்டம் இராமநாதபுரத்திலிருந்து பிரிந்து தனியே அமைந்தது. 1988-இல் அருகிலுள்ள மலைக்காடு நரை அணில் சரணாலயமாயிற்று. கிளைகள் ஒன்றோடொன்று கோத்துக்கிடக்கும் மரங்களில் கூடு கட்டும் இவ்வணில், தரையில் இறங்காமலே மரம் விட்டு மரம் தாவும். அடிவாரத்து மாந்தோப்பும் புளியந்தோப்பும் அதற்குக் காட்டின் தொடர்ச்சிதான். 2021-இல் அக்காடு ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தில் அடங்கியது.