அமெரிக்க வீடுகளில் ஹாலோவீன் விருந்து

அக்டோபர் 31ஆம் நாள் இரவில் கொண்டாடப்படும் ஹாலோவீன், 19ஆம் நூற்றாண்டில் அயர்லாந்து, ஸ்காட்லாந்துக் குடியேறிகளோடு அமெரிக்காவில் பரவியபோது, அது சிறுவர்க்கே உரிய விழாவாக இருக்கவில்லை. ஆப்பிள் தோலை அறுபடாமல் சீவித் தோளுக்குப் பின்னால் எறிந்து, அது விழுந்த வடிவில் வருங்காலக் கணவனின் பெயரெழுத்தைத் தேடும் கன்னியரின் குறிபார்ப்பே அன்றைய வீட்டு விருந்துகளுக்குச் சுவை கூட்டியது. கிரேப் தாள் எனப்படும் சுருக்கமிட்ட வண்ணத்தாளை விற்கும் பொருட்டு, மாசசூசெட்ஸின் டென்னிசன் நிறுவனம் 1909இல் ‘போகி புக்’ என்னும் விருந்துக் கையேட்டை வெளியிட்டது. கறுப்பும் செம்மஞ்சளுமான அலங்காரம் வீடுதோறும் நுழைந்ததில் வணிகத்தின் பங்கு சிறிதன்று.

விருந்து சிறுவர் பக்கம் சாய்ந்ததற்கு அச்சமே காரணம், அதுவும் பெரியவர்களின் அச்சம். 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் அவ்விரவின் குறும்புகள் கண்ணாடி உடைப்பு, தீவைப்பு என முற்றியதால், பிள்ளைகளைத் தெருவிலிருந்து உள்ளே இழுக்க முனைந்த அண்டைவீட்டார் செலவைப் பகிர்ந்துகொண்டு, வீட்டுக்கொரு விளையாட்டாக விருந்தை நடத்தினர். இருட்டடித்த நிலவறைச் சுவரில் பழைய மென்மயிர்த் தோலையும் பச்சை ஈரல் துண்டுகளையும் தொங்கவிட்டு, பிள்ளைகளைத் தடவித் தடவி நடக்கச் செய்யும்படி அக்காலக் கையேடுகள் அறிவுறுத்தின. விலை கொடுத்து வாங்கிய எந்த முகமூடியும் அந்த வழவழப்புக்கு ஈடாகியிராது. போர்க்காலச் சர்க்கரைப் பங்கீடு 1947இல் நீங்கிய பின்னர், வீடுவீடாக மிட்டாய் கேட்கும் வழக்கம் பிள்ளைகளை மீண்டும் தெருவுக்கே அழைத்துச் சென்றது.