மாறுகண் துறவியின் சோம்புப் பாத்தி

வீட்டுத் தோட்டத்துல சோம்பு போடுறவங்களுக்காக ஒரு பழைய கதை. கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா வாசிங்க.

ஜெர்மனியின் தெற்கு ஓரம், கான்ஸ்டன்ஸ் ஏரிக்குள்ள ரைஷெனாவ்னு ஒரு தீவு. 9-ஆம் நூற்றாண்டில் அங்கிருந்த கிறிஸ்தவ மடத்தின் தலைவர் வாலாஃப்ரிட் ஸ்ட்ராபோ. தன் வாசலுக்கு முன்னால தோட்டம் போட்டு, அதைப் பத்தி லத்தீனில் 444 வரிக் கவிதையே எழுதினார். பெயர் 'ஹோர்டுலஸ்', அதாவது சின்னத் தோட்டம்.

ஆரம்பமே புலம்பல்தான். குளிர்காலம் முடிஞ்சு பார்த்தா, இடம் பூரா தொட்டா அரிக்கிற களைச்செடி. அதைப் பிடுங்கி, மண்ணைக் கொத்தி, மண் கரையாம இருக்கப் பலகை அடிச்சுப் பாத்தி கட்டி, கூடையில எரு சுமந்து போட்டிருக்கார். தண்ணியைக் கூட கையாலதான் தெளிச்சார், வேகமா ஊத்தினா விதை அடிச்சுட்டுப் போயிடும்னு. எனக்கு இவரைப் பிடிச்சுப்போனது இங்கதான்.

சோம்புக்கு அவர் சொல்ற பயன் மூணு: மங்கின கண், வயிற்று உப்புசம், இருமல்.

வயிறு சரி. சோம்புல இருக்கிற அனெத்தோல் குடல் தசையைத் தளர்த்தக்கூடியது. விருந்து முடிஞ்சு நாம சோம்பு மெல்றதும் அதுக்குத்தானே?

கண் எப்படி உள்ளே வந்துச்சு? 1-ஆம் நூற்றாண்டு ரோமானியர் பிளினி எழுதி வச்சது: பாம்பு சட்டை உரிக்கும்போது சோம்புச் சாறால பார்வையைக் கூராக்கிக்குதாம், அதனால மனுஷனுக்கும் ஆகுமாம். பாம்பைப் பார்த்து எழுதின மருந்துச்சீட்டு! அதுவே ஏழெட்டு நூற்றாண்டு தாண்டி ரைஷெனாவ் வரைக்கும் வந்துடுச்சு. வாலாஃப்ரிட் மட்டும் ஜாக்கிரதையா, "கண்ணுக்கு நல்லதுன்னு சொல்றாங்க"ங்கிற தொனியிலதான் எழுதுறார். இத்தனைக்கும் 'ஸ்ட்ராபோ'ன்னா மாறுகண்காரர்!

இதை இங்க இழுக்கக் காரணம் இருக்கு. கண்ணுல தூசியோ இலையோ பட்டா, இன்னைக்கும் ஏதாவது செடிச் சாறு விடுறாங்க. அந்தச் சாறிலேயே பூஞ்சை இருக்கலாம். கருவிழியில புண்ணாகி, ஆறினாலும் வெள்ளைத் தழும்பு நின்னுட்டா பார்வை போச்சு. கண்புரையும் எந்தச் சாறுக்கும் கரையாது. அதுக்கு அறுவை சிகிச்சைதான், அரசு மருத்துவமனையில இலவசம். கண் வலியோட சிவந்திருந்தா அன்னைக்கே வந்துடுங்க.

வாலாஃப்ரிட் 849-ல் லுவார் ஆற்றைக் கடக்கும்போது மூழ்கி இறந்துட்டார். வயசு சுமார் நாப்பதுதான்.

நீங்க போடுறதா இருந்தா ஆழமான தொட்டியா எடுத்து, விதையை நேரா அதுலயே தூவுங்க. ஆணிவேர்ச் செடி, பிடுங்கி நட்டா சரியா வராது.