கோரியலின் கணக்கு: அமெரிக்கக் கால்பந்தில் தாக்குதல் முறைகளும் பிளேஆஃப் வெற்றியும்

அமெரிக்கக் கால்பந்தில் ஒரு தலைமைப் பயிற்சியாளரின் தாக்குதல் முறையை எடைபோடுகிறவர்கள் பெரும்பாலும் அவருடைய பிளேஆஃப் வெற்றிகளைத்தான் எண்ணிப் பார்க்கிறார்கள். அந்த எண்ணிக்கை டான் கோரியலுக்குப் பெரும் அநீதி இழைத்தது என்பது என் துணிபு.

வின்ஸ் லம்பார்டி 1959 முதல் 1967 வரை கிரீன் பே பேக்கர்ஸ் அணிக்குப் பயிற்சியளித்தார். அவருடைய அடையாளம் ‘பவர் ஸ்வீப்’: வரிசையில் நிற்கும் கார்டுகள் இருவரும் விலகி ஓரமாக ஓடி வழி திறக்க, பந்தோடு ஒருவர் பின்தொடர்வார். வரப்போவது தெரிந்தும் எதிரணிகளால் அதைத் தடுக்க முடியவில்லை. ஐந்து பட்டங்கள், பிளேஆஃபில் 9 வெற்றி, ஒரே தோல்வி. ஆனால் ரே நிட்ச்கி, வில்லி டேவிஸ் போன்றோர் நின்ற தடுப்பாட்டத்தை ஒதுக்கிவிட்டு ஸ்வீப்பின் புகழை மட்டும் பேசுவது பாதி உண்மையே.

1978இல் விதிகள் மாறின. ஐந்து யார்டுக்கு அப்பால் பந்து பிடிப்பவரைத் தடுப்பாளர் இடிக்கக் கூடாது என்றானதும் வீச்சு ஆட்டத்துக்குக் கதவு திறந்தது. அவ்வாண்டே சான் டியாகோ சார்ஜர்ஸுக்கு வந்த கோரியல், டான் ஃபவுட்ஸை வைத்து நெடுந்தூர வீச்சுகளால் களத்தை விரித்தார். 1978 முதல் 1983 வரை ஆறு பருவங்களிலும் வீச்சு யார்டுகளில் லீகின் முதலிடம் அவருடைய அணிக்கே. பில் வால்ஷ் போனது வேறு வழி. 1970இல் சின்சினாட்டியில் உதவிப் பயிற்சியாளராக இருந்தபோது, தோள்வலிமை குறைந்த, குறி தவறாத வர்ஜில் கார்ட்டருக்கேற்பக் குறுவீச்சுகளை வகுத்தார். பிறகு அதையே சான் பிரான்சிஸ்கோவில் வளர்த்தெடுத்தார்.

1982 ஜனவரி 10 அன்று இந்த மூன்று மரபுகளும் ஒரே நாளில் சந்தித்தன. சின்சினாட்டியில் மைனஸ் 23 டிகிரி செல்சியஸ் குளிர், கடுங்காற்று. கோரியலின் அணி 27-7 எனத் தோற்றது. வென்ற அணியின் குவார்ட்டர்பேக் கென் ஆண்டர்சன், வால்ஷ் பயிற்றுவித்தவர். பயிற்சியாளர் ஃபாரஸ்ட் கிரெக், லம்பார்டியின் வரிசையில் ஆடியவர். அன்றே வால்ஷ் டல்லஸை 28-27 என வென்றார். இரு வாரங்களில் சின்சினாட்டியையும் 26-21 என வீழ்த்திப் பட்டம் பெற்றார்.

நெடுவீச்சு குளிரில் உறைந்தது என்று எளிதாகச் சொல்லிவிடலாம். முந்தைய ஆண்டின் அரையிறுதி இதை மறுக்கிறது. சொந்த ஊரில் 27 புள்ளி எடுத்தும் சார்ஜர்ஸ் ஓக்லண்டிடம் 34-27 எனத் தோற்றது. கடைசி ஆறு நிமிடங்களுக்கு மேல் பந்தை மீட்கவே அதன் தடுப்பாட்டத்தால் இயலவில்லை. 1981 பருவத்தில் சார்ஜர்ஸ் எடுத்தது 478, விட்டுக்கொடுத்தது 390. வால்ஷின் அணி எடுத்தது 357தான், விட்டுக்கொடுத்ததோ 250. அதே பருவத்தின் நடுவில், ஊதியத் தகராறால் சார்ஜர்ஸ் கைமாற்றிய தடுப்பாளர் ஃப்ரெட் டீன் போய்ச் சேர்ந்தது வால்ஷிடம்! கோரியலின் முறையைக் குறைகூறுகிறவர்கள் இந்த ஒரு மாற்றத்தையாவது கணக்கில் சேர்க்க வேண்டும்.

இன்னும் வலுவான சான்று ஜோ கிப்ஸ். 1979, 1980 பருவங்களில் கோரியலின் தாக்குதல் ஆட்டத்தை வகுத்தவர் அவர். அதே வீச்சு முறையை வாஷிங்டனுக்குக் கொண்டுபோய், ஓட்ட ஆட்டத்தையும் உறுதியான தடுப்பாட்டத்தையும் சேர்த்து, மூன்று வெவ்வேறு குவார்ட்டர்பேக்குகளோடு மூன்று சூப்பர் பவுல்களை வென்றார். வால்ஷ் மரபின் ஆண்டி ரீட், பிலடெல்பியாவில் 14 பருவங்கள் பட்டமின்றிக் கழித்து, கான்சாஸ் சிட்டியில் மூன்று முறை வென்றதும், முறை ஒன்றாகவே இருந்தாலும் சுற்றியுள்ள அணியே முடிவை மாற்றுகிறது என்பதோடு ஒத்துப்போகிறது.

கிப்ஸ் 1996இலேயே புகழ்மன்றத்தில் இடம்பெற்றார். அவருக்கு ஆசானான கோரியலுக்கு அந்த இடம் 2023இல்தான் கிடைத்தது, மறைந்து 13 ஆண்டுகளுக்குப் பிறகு. பிளேஆஃபில் 3 வெற்றி, 6 தோல்வி என்ற ஒற்றை வரியைத் தாண்டிப் பார்க்க வாக்காளர்களுக்கு அத்தனை காலம் பிடித்தது.