நம்பர் தெரியாத வண்டி

அதிரையில, கிழக்குக் கடற்கரைச் சாலையில, ராத்திரி ஒரு வண்டி ஆளை அடிச்சிட்டு நிக்காம போயிடுச்சுன்னு வைங்க. எல்லாரும் கேக்கிற முதல் கேள்வி, ‘நம்பர் பாத்தீங்களா?’ நம்பர் இல்லன்னா இன்சூரன்ஸ் கம்பெனியும் இல்ல, வழக்குல எதிராளியும் இல்ல.

1982 திருத்தம்தான் இப்படிப்பட்ட குடும்பத்துக்கு முதல்ல ஒரு தொகை வச்சது: இறப்புக்கு 5,000 ரூபாய். 1988 சட்டத்தில் அது 8,500 ஆச்சு, 1994இல் 25,000. அப்புறம் 2022 ஏப்ரல் வரைக்கும் அசையவே இல்ல! இப்போ 2 லட்சம்.

ஓட்டுநர் பக்கத்தையும் பார்க்கணும். 134ஆவது பிரிவுப்படி அடிபட்டவரை டாக்டர்கிட்ட சேர்க்கணும். 24 மணி நேரத்துக்குள்ள போலீசுக்குச் சொல்லணும். கூட்டத்தோட ஆத்திரத்தால சேர்க்க முடியலன்னா விலக்கு உண்டுன்னு சட்டமே சொல்லுது. அடிப்பாங்கங்கிற பயம் பொய்யில்லன்னு எழுதினவங்களுக்கே தெரிஞ்சிருக்கு. ஆனா ஸ்டேஷன்ல சொல்றதுக்கு அந்த விலக்கு கிடையாது. என் பார்வையில அது சரியான கோடு.

புதுச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா, உயிரிழப்பு நேர்ந்தும் சொல்லாம ஓடினா 10 வருஷம் வரை சிறைன்னு எழுதுச்சு. 2024 ஜனவரியில லாரி ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் பண்ணாங்க. ஜூலை 1இல் சட்டம் அமலுக்கு வந்தப்போ, 106(2) மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டது.

அந்த 2 லட்சத்துக்கு கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்ல. கோட்டாட்சியர் இல்லன்னா தாசில்தார் விசாரிப்பார், கலெக்டர் உத்தரவு போடுவார். அதிரைக்காரங்களுக்கு அது பட்டுக்கோட்டை.